அரிவாளும் சாணையும்: ஆயுத பூசைக்குப் பின்னால் ஒரு வரலாறு

நவராத்திரியின் ஒன்பதாம் நாளன்று தமிழர் இல்லங்களிலும் தொழிலகங்களிலும் கருவிகள் யாவும் கழுவித் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் சாத்தப்பட்டு, இறைவன் திருமுன் வைக்கப்படுகின்றன. உழவனின் கலப்பையும், தச்சனின் உளியும், கணக்கரின் பேரேடும், ஓட்டுநரின் வாகனமும் அன்று ஒரே மதிப்பைப் பெறுகின்றன. பாண்டவர் தம் படைக்கலங்களை வன்னி மரத்தில் மறைத்து வைத்து, அஞ்ஞாதவாசம் முடிந்தபின் அவற்றை மீண்டும் எடுத்தனர் என்னும் பாரதக் கதை இவ்வழிபாட்டோடு இணைத்துச் சொல்லப்படுவது மரபு. இக்கருவிகளின் வரிசையில், வீட்டிலும் தோட்டத்திலும் கோயிலிலும் ஒருசேர இடம் பெற்ற பெருமை அரிவாள் ஒன்றற்கே உரியது எனலாம். விறகு பிளப்பதும் அதுவே. தேங்காய் வெட்டுவதும் அதுவே. கருப்பண்ண சாமியின் திருக்கரத்தில் ஒளிர்வதும் அதுவே. அத்தகைய அரிவாள் எங்கிருந்து வந்தது, கடல் கடந்து பினாங்கை எவ்வாறு அடைந்தது, தேய்ந்தும் துருவேறியும் போன ஓர் அரிவாள் எவ்வாறு மீண்டும் உயிர் பெறுகிறது என்பனவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகத்தில் இரும்பின் தொன்மை

தமிழ் நிலத்தில் இரும்பின் வரலாறு மிகப் பழமையானது. திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்பார் நடத்திய அகழாய்வில், ஈமத் தாழிகளோடு இரும்பு வாள்களும் ஈட்டிகளும் பிற கருவிகளும் கிடைத்தன. ஈரோட்டுப் பகுதியில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகள், அங்கே இரும்பு உருக்கும் தொழில் சிறந்திருந்தமையை உலைகளின் எச்சங்களால் வெளிப்படுத்தின. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதாகத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாக 2025ஆம் ஆண்டு வெளியான அரசு அறிக்கை கூறிற்று. இக்கணிப்புகளை அறிஞர்கள் மேலும் ஆராய்ந்து வருகின்றனர். எவ்வாறாயினும், இரும்பைக் கையாளும் அறிவு நம் முன்னோர்க்கு இரவல் அறிவன்று, நெடுங்காலம் பயின்ற அறிவே என்பதில் ஐயமில்லை.

வெறும் இரும்பு மென்மையானது. அதனைக் கரியோடு சேர்த்து, மண் மூசையில் அடைத்து, கடுந்தீயில் உருக்கினால் அது உருக்கு ஆகிறது. தென்னாட்டில் இங்ஙனம் மூசையில் வார்த்த உருக்குக் கட்டிகள் அரபு நாடுகள் வரை விற்பனையாயின. மேலைநாட்டார் வியந்து பேசிய தமாஸ்கஸ் வாள்கள் அவ்வகை உருக்கினால் ஆனவை. இதனை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றழைத்தனர். கன்னடத்து 'உக்கு', தமிழின் 'உருக்கு' ஆகிய சொற்களோடு தொடர்புடையதே இப்பெயர் என்பது அறிஞர் பலரின் கருத்து. மின்னியலின் தந்தையெனப் போற்றப்படும் மைக்கேல் பாரடே, 1819ஆம் ஆண்டு இவ்வுருக்கை ஆராய்ந்து அதன் இரகசியத்தை அறிய முயன்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஔவையார் கண்ட இரு படைக்கலக் கொட்டில்கள்

கருவியைக் காப்பது பற்றியும் பயன்படுத்துவது பற்றியும் சங்க காலத்திலேயே ஓர் அரிய பாடம் உண்டு. புறநானூற்றின் 95ஆம் பாடல் ஔவையார் பாடியது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற அவருக்கு, அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையுடன் காட்டினான். அங்கிருந்த வேல்கள் மாலை சூட்டி, நெய் பூசி, காவலில் வைக்கப்பட்டிருந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து, செப்பனிடுவதற்காகக் கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் மறுமொழி பகர்ந்தார். புகழ்வது போல் இகழ்ந்தும், இகழ்வது போல் புகழ்ந்தும் அவர் ஒரு போரையே தடுக்க முயன்றார் என்பர் உரையாசிரியர்கள்.

இப்பாடலில் கருவியின் வரலாறு குறித்த ஓர் உண்மையும் அடங்கியுள்ளது. உழைக்கின்ற இரும்பு தேய்வது இயல்பு. தேய்ந்ததை உலைக்கும் சாணைக்கும் கொண்டு சென்று புதுப்பிக்கும் வழக்கம் அக்காலத்திலேயே நிலைபெற்றிருந்தது. இரும்பின் வாழ்வு ஒருமுறை அடித்து வார்ப்பதோடு முடிவதன்று. மீண்டும் மீண்டும் கூராக்கப்படுவதே அதன் வாழ்வு.

அரிவாளின் வகைகள்

அரிதல் என்பது அறுத்தல். அரியும் வாள் அரிவாள். கிராமத்து மக்கள் இதனை 'அருவா' என்பர். கதிர் அறுப்பதற்குப் பல்வைத்த கருக்கரிவாள், பனையேறுவோர் இடையில் செருகிச் செல்லும் பாளை அரிவாள், விறகிற்கும் முள்ளிற்கும் உரிய வெட்டரிவாள், நீண்ட வீச்சரிவாள், அடுக்களையில் அமர்ந்து காய் அரியும் அரிவாள்மணை என இதன் குடும்பம் பெரிது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கென்றே பெயர் பெற்ற ஊர். 'திருப்பாச்சி அருவா' என்றால் தமிழகம் முழுவதும் அறியும். இப்பட்டறைகளில் பழைய லாரிகளின் வில்லுப்பட்டைகளே பெரும்பாலும் மூலப்பொருள். சுமையைத் தாங்கி வளைந்து நிமிரும் அப்பட்டை நல்ல உருக்கினால் ஆனது. துருத்தி ஊதும் உலையில் அதனைச் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து, வளைத்து, வாய் திறந்து, நீரில் தோய்த்து எடுப்பர்.

அய்யனார் கோயில்களில் காவல் தெய்வமாய் நிற்கும் கருப்பண்ண சாமியின் கையில் அரிவாள் விளங்குகிறது. வேண்டுதல் நிறைவேறிய அன்பர்கள் ஆளுயர அரிவாள்களை நேர்த்திக்கடனாக அளித்துச் சன்னதியின் முன் நட்டுவைப்பதும் உண்டு. வயலையும் ஊரையும் காப்பதற்கு உழவன் எந்தக் கருவியை நம்பினானோ, அதனையே தன் காவல் தெய்வத்தின் கையிலும் கண்டான்.

சிவகங்கைச் சீமையும் பினாங்குத் தீவும்

அரிவாளின் மண்ணாகிய சிவகங்கைக்கும் பினாங்கிற்கும் ஒரு துயரமான பழந்தொடர்பு உண்டு. ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்கள் 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் வெளியான பிரகடனம் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும், மக்கள் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. 1802ஆம் ஆண்டு பிப்ரவரியில், சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி உட்படப் போராளிகள் 73 பேர் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்கு விதிக்கப்பட்ட இடம், அந்நாளில் வேல்ஸ் இளவரசர் தீவு எனப்பட்ட பினாங்கே. பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றி அப்பொழுது 16 ஆண்டுகள்கூட நிறைவடைந்திருக்கவில்லை.

படைக்கலம் பறிக்கப்பட்டு வந்த அம்மக்களை அடுத்து, வேலைக்கருவி ஏந்தும் தமிழர் கூட்டம் கூட்டமாக வந்தனர். ஆயர் ஈத்தாம் என்னும் மலாய்ப் பெயர் கருநீர் எனப் பொருள்படும். இப்பள்ளத்தாக்கில் 1800ஆம் ஆண்டளவில் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்தோபர் ஸ்மித் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்பு நாற்றுகளைக் கொணர்ந்து வாசனைத் திரவியத் தோட்டத்தை வளர்த்தார். 1805இல் அத்தோட்டம் விற்கப்பட்டது. எனினும், தீவின் மலைச்சரிவுகளில் சாதிக்காயும் கிராம்பும் பல்லாண்டுகள் பயிராயின. எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்களும், இருபதாம் நூற்றாண்டில் தீபகற்பம் முழுவதும் இரப்பர்த் தோட்டங்களும் எழுந்தன. ஒப்பந்த முறையிலும் கங்காணி முறையிலும் தமிழர் திரட்டி அழைத்துவரப்பட்டனர். 1938ஆம் ஆண்டு இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை இவ்வரவு நீடித்தது.

பாராங் கத்தியும் பால்வெட்டு உளியும்

இங்கு வந்த தமிழர் காட்டை அழிக்கவும் புல் வெட்டவும் கையில் எடுத்தது மலாய்க்காரரின் பாராங். அது அரிவாளுக்கு உறவினன், ஆயினும் உடன்பிறப்பன்று. அரிவாள் உள்நோக்கி வளைந்தது. கிளையை அணைத்து இழுத்து வெட்டுவது. பாராங் நுனிப்புறம் கனத்து, வெட்டுவாய் வெளிப்புறம் சற்றே புடைத்திருப்பது. வீச்சின் வேகத்தால் வெட்டுவது. இவ்வேறுபாட்டை உணர்ந்து, தோட்டத் தமிழர் இரண்டையும் இடமறிந்து கையாண்டனர். 'பாராங் கத்தி' என்னும் சொல்லும் மலேசியத் தமிழில் நிலைபெற்றது.

இரப்பர்த் தோட்டத்திலோ கூர்மையே குடும்பத்தின் வருவாயாயிற்று. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராயிருந்த ஹென்றி ரிட்லி, ஒரே வெட்டை நாள்தோறும் மெல்லச் சீவித் திறக்கும் பால்வெட்டு முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனத்தில் பட்டையைச் சீவ வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் புண்படும். மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். உளி மழுங்கினால் பால்குழாய்கள் அறுபடாமல் நசுங்கும். ஆகவே, விடியலுக்கு முன் மரத்தடிக்குச் செல்லும் பால்மரத் தொழிலாளி ஆணும் பெண்ணும் உளி தீட்டும் கலையை அறிந்திருந்தனர். பள்ளிக்கூடத்தில் எவரும் கற்பிக்காத அக்கலையைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பிள்ளைகள் கண்டு கற்றனர்.

குருந்தம் என்னும் தமிழ்ச்சொல்

சாணை பற்றிய ஒரு செய்தி தமிழர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. வைரத்திற்கு அடுத்த கடினமுடைய கனிமங்களுள் ஒன்று குருந்தம். மாணிக்கமும் நீலமும் இதன் நிறம் பெற்ற வடிவங்களே. இக்கனிமத்தின் பொடியை அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்துச் சாணைக்கல் செய்வது நம் நாட்டுக் கைவினைஞரின் மரபு. 'குருந்தம்' என்னும் இத்தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் 'கோரண்டம்' என வழங்கலாயிற்று. 1890களின் தொடக்கத்தில் அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் மின் உலையில் செயற்கையாக ஒரு கடினப் பொருளை உண்டாக்கியபோது, கார்பன், கோரண்டம் ஆகிய இரு சொற்களையும் இணைத்து அதற்குக் 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். இன்று இரும்புக் கடைகளில் விற்கும் தீட்டுக்கற்கள் பலவும் அப்பொருளால் ஆனவை. கத்தி தீட்டும் கல்லின் பெயருக்குள் ஒரு தமிழ்ச்சொல் ஒளிந்திருப்பதை வாங்குவோரும் அறியார், விற்போரும் அறியார்.

பழைய அரிவாளைப் புதுப்பிக்கும் முறை

வீட்டின் பின்புறத்தில் துருவேறிக் கிடக்கும் அரிவாளையோ பாராங்கையோ குப்பையில் எறிய வேண்டியதில்லை. முதலில் அதனை ஒரு முறை தட்டிப் பார்த்தல் வேண்டும். கணீரென ஒலித்தால் உலோகம் நலமாயுள்ளது. மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கக்கூடும். விரிசலுற்ற கருவியைக் கையாளுதல் ஆபத்து.

அடுத்தது உரித்தல். ஆடிப்போன கைப்பிடியைக் கழற்றி, பூணை எடுத்து, பழைய வண்ணத்தையும் மெருகெண்ணெயையும் சுரண்டி நீக்க வேண்டும். துருவின் மேல் மண்ணெண்ணெய் தடவி ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் செங்கற்பொடியும் தேங்காய் நாரும் கொண்டு தேய்ப்பது பழைய வழக்கம். புளியைப் பூசித் தேய்த்தலும் உண்டு. அவ்வாறாயின் உடனே நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடைத்தல் கட்டாயம். புளியின் அமிலம் துருவைத் தின்பதோடு நில்லாது இரும்பையும் தின்னும்.

மூன்றாவது, வாயைச் சீராக்குதல். பற்பற்றிப் போன வாயை அரத்தால் ராவிச் சமப்படுத்திய பின்னரே பக்கச் சரிவுகளைத் தேய்க்க வேண்டும். பாராங்கின் புடைத்த வாய்க்குத் தட்டையான கல் போதும். அரிவாளின் உள்வளைவில் தட்டையான கல் பொருந்தாது. அரைவட்ட அரமோ உருண்டைக் கல்லோ வேண்டும். விறகு வெட்டும் கருவிக்கு மிக மெல்லிய வாய் உதவாது. அது மடியும் அல்லது உதிரும். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 20 முதல் 25 பாகை வரை சரிவு இருப்பின் கூர்மையும் வலிமையும் ஒருங்கே அமையும்.

இங்கேதான் இக்காலத்தார் பெரும்பிழை செய்கின்றனர். மின் சாணையில் அழுத்திப் பிடித்தால் சில நிமிடங்களில் வேலை முடிகிறது. ஆனால், வாயோரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் கொல்லன் கொடுத்த தோய்ச்சல் அழிந்துவிட்டது என்று பொருள். சூடேறும் உருக்கு ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் வைக்கோல் நிறமும், 300 பாகையளவில் நீலமும் காட்டும். நீலம் கண்ட வாய் மென்மையாகி, எத்தனை முறை தீட்டினாலும் விரைவில் மழுங்கும். எனவே மின் சாணையைப் பயன்படுத்துவோர் வாயைத் தண்ணீரில் அடிக்கடி நனைத்து, வெறுங்கையால் தொடக்கூடிய சூட்டிலேயே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பொறுமையுள்ளோர்க்கு அரமும் கல்லுமே சிறந்தவை.

இறுதியாகத் தீட்டுதல். முரட்டுக் கல்லில் ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். பிசிறு வாய் முழுவதும் எழுந்த பின்னரே பக்கத்தை மாற்ற வேண்டும். பின் மென்மையான கல்லில் மாறிமாறி இலேசாகத் தீட்டிப் பிசிறை நீக்கினால் வாய் நிலைக்கும். இவ்வேலை முழுவதிலும் கருவியைப் பலகையில் இறுகப் பிணைத்து வைத்தலும், குழந்தைகளை அப்பால் இருத்தலும், வாயை நோக்கி விரலை ஓட்டாதிருத்தலும் அடிப்படை ஒழுக்கங்களாகும். முடிவில் கைப்பிடியை அரக்கோ மரப்பிசினோ இட்டு இறுக்கிப் பூண் மாட்டினால் அரிவாள் மறுபிறவி எடுத்ததாகும்.

கோயில் அரிவாள்களின் பராமரிப்பு

திருக்கோயில்களில் உள்ள அரிவாள்கள் வெட்டுவதற்கு உரியனவல்ல. ஆதலின் அவற்றிற்குக் கூர் ஏற்ற வேண்டியதில்லை. துரு அண்டாமல் காத்தலே போதும். ஆயினும் அவை வீட்டு அரிவாள்களைக் காட்டிலும் விரைவில் கெடுவதைக் காணலாம். இதற்குக் காரணம் உண்டு. அரிவாள் நுனியிலும் சூல நுனியிலும் எலுமிச்சங்கனி குத்தி வைப்பது மரபு. அக்கனியின் புளிப்புச் சாறு இரும்பில் வழிந்து, நாள்தோறும் சிறுசிறு குழிகளை உண்டாக்குகிறது. ஈரச் சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்து கிடப்பின் அவற்றின் அடியில் ஈரம் தங்கித் துரு பிறக்கிறது. ஆண்டு முழுவதும் மழையும் ஈரக்காற்றும் உள்ள பினாங்கில், அதிலும் மலையடிவாரமாகிய ஆயர் ஈத்தாமில், இக்கேடு மிகுதி.

மரபைக் கைவிடாமலேயே இதனைத் தடுக்கலாம். பழைய கனியை நாள்தோறும் அகற்றி, நுனியை ஈரத்துணியாலும் பின் உலர்ந்த துணியாலும் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் தடவினால் போதும். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ நாட்பட்டால் பிசுக்காகிவிடும். ஆகவே பழைய பூச்சைத் துடைத்தெடுத்துப் புதிதாகத் தடவ வேண்டும். துருவின் மேலேயே வெள்ளி வண்ணம் பூசி மறைப்பது நோயை மூடி வைப்பதற்கு ஒப்பாகும். வெளியே பளபளப்பு இருப்பினும் உள்ளே இரும்பு அரித்துக்கொண்டேயிருக்கும். தக்க காரணமின்றி ஆயுதங்களைப் பொது இடத்தில் ஏந்திச் செல்வதை இந்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமெனக் கொள்வதால், கோயிலின் அரிவாள்களைப் பொறுப்பாளர் மேற்பார்வையில் பூட்டி வைத்துக் காத்தலும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

எஞ்சி நிற்கும் கடமை

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. உளி தீட்டத் தெரிந்த கைகள் முதுமை எய்திவிட்டன. ஒரு மழுங்கிய கத்தியைத் தீட்டுவதை விடப் புதியது வாங்குவது மலிவு என்று இளைய தலைமுறை எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால், கொல்லனின் வியர்வையும், தோட்டத்தில் உழைத்த பாட்டன் பாட்டியின் கைத்தடமும் பதிந்த கருவி கடையில் கிடைப்பதன்று. அதனைத் தீட்டும் முறையும் ஏட்டைப் படித்து முழுமையாக வருவதன்று. கல்லின் மேல் இரும்பு எழுப்பும் ஓசையைக் கேட்டும், கையின் சரிவைக் கண்டுமே கற்க வேண்டியது.

ஆயுத பூசைக்கு முந்திய நாட்களில் இல்லந்தோறும் கருவிகள் துப்புரவு செய்யப்படுகின்றன. அவ்வேளையில், தீட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் கல்லோடு அமர, பிள்ளைகள் அருகிருந்து காண்பதற்கு வழி செய்தால், அக்கலை இன்னும் ஒரு தலைமுறை வாழும். சந்தனம் இடுவதற்கு முன் துருவை நீக்குவதும் வழிபாட்டின் தொடக்கமே. உழைத்த கருவிக்கு நன்றி செலுத்தும் இவ்வழக்கத்தைப் பொருளுணர்ந்து போற்றுவது மெய்யன்பர் அனைவரின் கடமையாகும்.